அறுபதைத் தொடும் தலைமுறை

மாதிரிப் பகுதிகளில் பிறப்பையும் இறப்பையும் கணக்கிடும் இந்தியாவின் மாதிரிப் பதிவு முறை தரும் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு புதிர் இருக்கிறது. அந்த ஆண்டு பிஹாரில் ஆயிரம் பேருக்கு 5.5 பேர் இறந்தார்கள். கேரளத்தில் 7.1 பேர். தமிழ்நாடு இரண்டுக்கும் இடையில், 6.1. அதே ஆண்டு பிஹாரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 29 குழந்தைகள் ஒரு வயது நிரம்பும் முன்பே இறந்தன. கேரளத்தில் 6 குழந்தைகள். மருத்துவத்திலும் கல்வியிலும் ஆயுளிலும் முன்னால் நிற்கும் கேரளத்தில், பிஹாரைவிட அதிக விகிதத்தில் மரணம் நிகழ்வது எப்படி?

விடை வயதில் இருக்கிறது. எவ்வளவு நல்ல மருத்துவம் கிடைத்தாலும் எழுபது வயதுக்காரர் இறப்பதற்கான வாய்ப்பு இருபது வயதுக்காரரைவிடப் பல மடங்கு அதிகம். பிஹார் இளைஞர்களும் சிறுவர்களும் நிறைந்த மாநிலம். கேரளத்தில் முதியவர்கள் அதிகம். அதனால் ஒவ்வொரு வயதிலும் கேரளத்தவர் கூடுதலாக உயிர் பிழைத்தாலும், மொத்தக் கணக்கில் மரணம் கூடித் தெரிகிறது. ஒரு நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, எந்தெந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டால்தான் அதன் நிலை விளங்கும். மக்கள்தொகையியலில் இதை வயதுக் கட்டமைப்பு என்கிறார்கள். பள்ளிக்கூடம், வேலை, வரி, மருத்துவமனை, வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

தமிழ்நாட்டின் வயதுக் கட்டமைப்பு ஐம்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது. ‘இளைஞர்களின் நாடு’ என்று இந்தியாவைச் சொல்லும் பேச்சுக்குள் இந்த மாற்றம் மறைந்துவிடுகிறது.

கூம்பு தூணான கதை

ஒவ்வொரு வயதுப் பிரிவினரையும் ஒரு பட்டையாக வரைந்து, குழந்தைகளைக் கீழேயும் முதியவர்களை மேலேயும் வைத்து அடுக்கினால் கிடைக்கும் படத்துக்கு மக்கள்தொகைக் கூம்பு என்று பெயர். 1971இல் தமிழ்நாட்டின் படம் உண்மையிலேயே கூம்பாக இருந்தது. மக்களில் சுமார் 38 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ். 60 வயதைத் தாண்டியவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் 15 வயதுக்குக் கீழிருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டார்கள். 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம் ஆனார்கள். கூம்பின் அடிப்பகுதி சுருங்கி, நடுப்பகுதி பருத்துவிட்டது.

2011க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கு நம்மிடம் இருப்பவை தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீடுகள். அவற்றின்படி 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், இந்திய சராசரி 10.1. 2031இல் இது 18.2 சதவீதமாகவும், 2036இல் 20 சதவீதத்துக்கு மேலும் உயரும். ஐந்தில் ஒருவர் முதியவர். நம்மைவிட முன்னே செல்வது கேரளம் மட்டுமே.

மருத்துவம் வளர்ந்து மக்கள் நீண்ட காலம் வாழ்வதால்தான் சமூகம் முதுமை அடைகிறது என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். தொடக்கத்தில் மருத்துவம் சமூகத்தை இளமையாகவே ஆக்குகிறது. ஏழை நாட்டில் மரணம் முதலில் கொண்டுபோவது குழந்தைகளை. தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் வந்ததும் அந்தக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், கூம்பின் அடி இன்னும் அகலமாகிறது. சமூகத்தின் சராசரி வயதை உண்மையில் உயர்த்துவது பிறப்பு குறைவதுதான். முதியவர்கள் எண்ணிக்கையில் பெருகுவதோடு, அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் குறைவதும் சேரும்போது விகிதம் வேகமாக ஏறுகிறது. ஆயுள் நீள்வதன் பங்கு அதற்குப் பிறகே பெரிதாகிறது.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள விகிதம் என்கிறோம். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 4. 1992-93 தேசியக் குடும்பநல ஆய்வில் 2.48. 2005-06 ஆய்வில் 1.8. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் 1.4. அந்த ஆண்டு இந்திய சராசரி 2.0, பிஹாரில் 3.0. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்ப வேண்டுமானால் இந்த எண் 2.1 ஆக இருக்க வேண்டும். 1.4 என்றால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. நூறு தாய்மாருக்கு 67 மகள்கள். அந்த 67 பேருக்கு 44, 45 மகள்கள். இரண்டே தலைமுறையில் பாதிக்கும் கீழே.

பாதிப் பேருக்கு எழுத்தறிவில்லாத காலத்தில்

கேரளத்தில் பிறப்பு குறைந்ததைப் பெண்கல்வியால் விளக்கிவிடலாம். 1991இல் அங்கே பெண்களில் 86 சதவீதம் பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 51 சதவீதம்தான். பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்தறிவு இல்லாத ஒரு சமூகம், பெரிய பணவசதியும் இல்லாமல், சராசரிக் குழந்தை எண்ணிக்கையை இரண்டை நோக்கி இறக்கிவிட்டது. உலக மக்கள்தொகை வரலாற்றிலேயே கவனிக்கத் தக்க நிகழ்வு இது.

ஒற்றைக் காரணத்தால் நடந்ததல்ல இது. பெரியார் கருத்தடையைப் பெண்விடுதலையின் கருவியாக முன்வைத்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் குடும்பச் செலவையும் சொல்லிக் கருத்தடை கேட்டபோது, பெண்ணின் உடல்மேல் பெண்ணுக்கு உள்ள உரிமையைச் சொல்லி அதைக் கேட்டவர் அவர். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அதற்கெனத் தனி அத்தியாயமே உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்து, அறுவை சிகிச்சை வழியான குடும்பக் கட்டுப்பாட்டை 1950களின் பிற்பகுதியிலேயே அரசுத் திட்டமாக்கினார். மதிய உணவு குழந்தைகளைப் பள்ளிக்கு இழுத்தது. கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்தார். 1971இல் ஆயிரத்துக்கு நூறுக்கும் மேல் இருந்த சிசு மரணம், 2020இல் 13 ஆனது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இரண்டு பிள்ளை போதும் என்ற முடிவு வரும். ஊருக்குப் பேருந்து வந்தது, வானொலியும் சினிமாவும் வந்தன, பிள்ளையைப் படிக்கவைத்தால் வேறு வாழ்க்கை கிடைக்கும் என்ற ஆசை எல்லாச் சாதியிலும் பரவியது. படிக்கவைப்பதற்குச் செலவாகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தச் சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. அதைப் பெண்கள் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன்தான். அண்மைக் குடும்பநல ஆய்வுகளில் ஆண்களுக்கான அறுவை சிகிச்சை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டே பிள்ளை என்ற முடிவும் ஆண்பிள்ளை வேண்டும் என்ற பழைய ஆசையும் ஒன்றாகச் சேர்ந்த இடங்களில் பெண்சிசுக்கள் கொல்லப்பட்டன. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட வேண்டிய நிலை வந்தது அதனால்தான்.

1975இல் பிறந்தவள்

சராசரிகளை ஓர் உயிருள்ள ஆளாக்கிப் பார்த்தால் வயதுக் கட்டமைப்பு நன்றாகப் புரியும். 1975இல் ஒரு தமிழகக் கிராமத்தில் பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் அம்மாவுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவளுக்கு ஏழு வயது. 1990களின் நடுவில் கல்யாணம். இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் இருபத்தைந்து வயதுக்குள் ஆபரேஷன். பிறகு வயல் வேலையோ, பனியன் கம்பெனியோ, வீட்டு வேலையோ, நூறு நாள் வேலையோ. பிள்ளைகளை அவள் படிக்கவைத்தாள். 2035இல் அவளுக்கு அறுபது வயது ஆகும்.

அவள் காலத்தில் பிறந்தவர்கள்தான் தமிழ்நாட்டு வரலாற்றின் மிகப் பெரிய தலைமுறைகளில் ஒன்று. 1971இல் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 31 குழந்தைகள் பிறந்தன. அன்றைய மக்கள்தொகை 4.12 கோடி, ஆக, ஆண்டுக்கு 12, 13 லட்சம் பிறப்புகள். 2020இல் மக்கள்தொகை ஏழரைக் கோடியைத் தாண்டியும், பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14க்கும் கீழே வந்துவிட்டதால், பிறப்புகள் அதைவிடக் குறைவு.

மேல் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த வெள்ளம் எப்போது கீழ் ஏரிக்கு வந்து சேரும் என்று, ஏரி நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிக்குத் தெரியும். பெரிய தலைமுறை ஒன்று வயதுகளின் வழியே நகர்வதும் அப்படித்தான். 1980களில் அது பள்ளிகளை நிறைத்தது. 1990களிலும் 2000களிலும் உழைப்புச் சந்தையை நிறைத்தது. தமிழ்நாடு தொழில் மாநிலமாக எழுந்த காலமும் அதுவே. உழைக்கும் வயதினர் அதிகமாகவும் குழந்தைகளும் முதியவர்களும் குறைவாகவும் இருக்கும் அந்த இடைவெளியைப் பொருளியலாளர்கள் மக்கள்தொகை ஆதாயம் என்கிறார்கள். அது ஒரு சமூகத்துக்கு ஒருமுறை திறந்து மூடும் கதவு. நமக்கு அது மூடத் தொடங்கிவிட்டது.

பெரிய தலைமுறை வேறொன்றையும் விளக்குகிறது. 2000க்குள் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2.1ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆனால் 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக உயர்ந்தது. ஒவ்வொரு பெண்ணும் குறைவாகப் பெற்றாலும், பெறும் வயதில் இருந்த பெண்கள் ஏராளமானவர்கள். கூடவே வெளியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பிறப்பு விகிதம் விழுந்த பிறகும் பல பத்தாண்டுகள் மக்கள்தொகை வளர்வதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். அந்த உந்தம் இப்போது தீர்ந்துகொண்டிருக்கிறது. எட்டுக் கோடியைத் தொடாமலேயே நம் மக்கள்தொகை நிலைபெற்றுவிடும் என்பதே மதிப்பீடு.

பிரான்சுக்கு 115 ஆண்டு

65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானுக்கு 24 ஆண்டுகள். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 10.4இலிருந்து இரட்டிப்பாக 2011 முதல் 2036 வரையிலான 25 ஆண்டுகள் போதும். வயது வரம்பு வேறு என்பதால் நேர் ஒப்பீடு செய்ய முடியாது. ஆனால் நம் வேகம் ஜப்பானின் வேகத்தை ஒத்தது. ஜப்பான் அந்தக் கட்டத்தில் பணக்கார நாடாகிவிட்டிருந்தது; பெரும்பாலோருக்கு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் இருந்தன. நம் 1975 தலைமுறையில் பெரும்பாலோர் உழைத்தது அமைப்புசாராத் தொழில்களில். அவர்களுக்கு பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை.

2011இல் 60 வயதைக் கடந்த ஒருவருக்கு 15 முதல் 59 வயது வரையிலானவர்கள் ஆறு பேருக்கும் மேல் இருந்தார்கள். 2036இல் மூன்று பேர்தான் இருப்பார்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் எழும் அச்சத்தோடு, இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1971இல் உழைக்கும் வயதினர் நூறு பேரைச் சார்ந்து ஏறத்தாழ 75 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2036இல் குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டினாலும் அந்த எண் 60ஐ ஒட்டித்தான் இருக்கும். மொத்தச் சுமை அன்றைவிடக் குறைவு. சுமையின் தன்மைதான் வேறு. குழந்தையின் செலவைக் குடும்பம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்தக் குழந்தை பதினைந்து ஆண்டில் தன் காலில் நிற்கும். முதியவரின் தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடும். அது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதற்குத் தேவை பணம் மட்டுமல்ல, பக்கத்தில் ஒரு ஆள்.

அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி. 1975இல் பிறந்தவளின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் சென்னைக்குப் போனாலும் ஒருவர் ஊரில் இருப்பார். அவளுக்கு இரண்டே பிள்ளைகள். ஒருவர் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கலாம். கணவர் சில வயது மூத்தவர். ஆண்களின் ஆயுளும் குறைவு. இந்திய அளவில் அறுபதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். பெரும்பாலும் சொத்து அவர்கள் பெயரில் இருப்பதில்லை. முதுமை என்பது நம் மாநிலத்தில் பெருமளவு தனித்திருக்கும் பெண்ணின் முதுமையாக இருக்கப்போகிறது. மாநிலத்தின் பிறப்பு விகிதத்தைத் தன் உடலால் இறக்கிக் கொடுத்த அதே பெண்.

பிள்ளை பெறச் சொல்வது விடையாகாது

முதியவர் விகிதம் உயர்வதைக் கண்டு, தென்மாநிலத் தலைவர்கள் அதிகம் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லும் பேச்சு 2024இலிருந்து கேட்கிறது. ஆந்திரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டமும் அந்த ஆண்டு நீக்கப்பட்டது. இந்தப் பேச்சுக்குப் பின்னே ஒரு நியாயமான கவலை இருக்கிறது. மக்களவைத் தொகுதிகள் 1971 மக்கள்தொகையின்படி 1976இல் உறையவைக்கப்பட்டன. அந்த உறைவு 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்போடு முடிகிறது. அதன் பிறகு புதிய மக்கள்தொகையின்படி தொகுதிகளைப் பங்கிட்டால் தென்மாநிலங்களின் பங்கு குறையும். பிறப்பைக் குறைத்த மாநிலம் அதற்காகவே குரலை இழக்கக் கூடாது. அதை அரசியலமைப்பின் வழியில் பேசித் தீர்க்க வேண்டும். பெண்களின் கருப்பையை அதற்குக் கருவியாக்குவது அநீதி.

கணக்கும் அதற்கு இடம் தரவில்லை. இன்று பிறக்கும் குழந்தை உழைக்கும் வயதுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். முதியவர் வெள்ளம் வந்து சேர்வது அதற்கு முன்பே. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தையும் சார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். பெரும் பணம் செலவழித்துப் பிறப்பை உயர்த்த முயன்ற தென்கொரியாவில் 2023இல் கருவள விகிதம் 0.72. அந்த நாட்டுப் பெண்கள் கேட்பது வேலையையும் பிள்ளையையும் சேர்த்து நடத்தக்கூடிய வாழ்க்கை. நம் பெண்கள் கேட்பதும் அதுவே.

வெளிமாநிலத் தொழிலாளர்களையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2011இல் தமிழ்நாட்டு மக்களின் நடு வயது ஏறத்தாழ 30, பிஹாரில் 20. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் சென்னையின் கட்டடங்களிலும் டெல்டாவின் நடவு வயல்களிலும் வட, கிழக்கு இந்திய இளைஞர்கள் நிற்பதற்கு இந்தப் பத்து வயது வேறுபாடும் ஒரு காரணம். கூலி வேறுபாடும் அதனோடு சேர்கிறது. அவர்கள் நம் வயதுக் கட்டமைப்பின் பள்ளத்தை நிரப்புகிறார்கள். அவர்களுக்கு ரேஷனும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மரியாதையும் கிடைப்பது தமிழ்நாட்டின் நலனோடு கட்டுண்டது. பிஹாரிலும் பிறப்பு குறைந்து வருவதால் இந்த வரவு என்றென்றைக்கும் இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பத்தாண்டு இருக்கிறது

வயதுக் கட்டமைப்பு அறிவியலின் பெரிய கொடை, அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பது. 2036இல் அறுபதைக் கடந்திருக்கப்போகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே பிறந்து, இன்று நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். யார், எந்த ஊரில், என்ன தொழிலில் என்று கண்டுபிடிக்க முடியும்.

அவர்களில் பலருக்கு இன்றே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தொடங்கியிருக்கும். ஐம்பது வயதில் கட்டுப்படுத்தப்படாத ரத்தக் கொதிப்புதான் அறுபத்தைந்தில் பக்கவாதமாகப் படுக்கையில் தள்ளுகிறது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்வதால் முதியோர் நலத் திட்டமாகவும் ஆகிறது. முதியோர் மருத்துவத்தில் நமக்கு முன்னோடி மரபும் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே வி.எஸ். நடராஜன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். அந்த மரபு மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கும் இறங்கி வர வேண்டும்.

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரூபாய் என்று பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது. வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு இது போதாது. விலைவாசியோடு உயரும் ஓர் அடிப்படை ஓய்வூதியத்தை உரிமையாகக் கேட்க வேண்டிய காலம் இது. வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை கூடினால் அதற்கான வரிப்பணமும் கூடும். உயர்கல்வியில் 47 சதவீதச் சேர்க்கையோடு நாட்டுக்கு முன்னால் நிற்கும் மாநிலத்தில், படித்த பெண் கல்யாணத்துக்குப் பின் வீட்டோடு நின்றுவிடுவது மக்கள்தொகைக் கணக்கிலும் பேரிழப்பு.

பராமரிப்பை மருமகளின் கடமை என்று விட்டுவைக்கும் பழக்கமும் இனிச் செல்லாது. பல வீடுகளில் அந்த மருமகளே வேலைக்குப் போவார், அல்லது வேறு ஊரில் இருப்பார். பிள்ளைகள் நிறைந்திருந்த காலத்தில் ஊர்தோறும் சத்துணவு மையத்தையும் அங்கன்வாடியையும் கட்டிய மாநிலம் இது. 1983இலேயே முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதிய உணவு கொடுத்த மாநிலம் இது. 2025இல் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்கள் 25 இடங்களில் வந்தன. அவை ஊராட்சிதோறும் வர வேண்டும். பிள்ளைகள் குறைந்து காலியாகும் பள்ளிக் கட்டடங்கள் அதற்குக் கைவசம் இருக்கின்றன. பயிற்சி பெற்று, முறையான சம்பளத்தோடு முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் குறையவே போகாத வேலைவாய்ப்பு.

குழந்தைகள் சாகாத, பெண்கள் விருப்பத்துக்கு மேல் பிள்ளை சுமக்காத ஒரு சமூகத்தை இரண்டே தலைமுறையில் தமிழ்நாடு கட்டியது. முதுமை அந்த வெற்றியின் மறுபக்கம். அதைச் சாத்தியமாக்கிய தலைமுறை அறுபதைத் தொடும்போது, பசியில்லாமல், வலியில்லாமல், யாரிடமும் கெஞ்சாமல் வாழ வழி செய்வது நாம் செலுத்த வேண்டிய கடன். அதற்கான கணக்கு கையில் இருக்கிறது, காலமும் இன்னும் இருக்கிறது. இந்தப் பத்தாண்டை வீணாக்கினால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல நமக்கு வழியே இருக்காது.